காயம்பட்டவர் விட்டுச்சென்ற இடம்
(பெரிய காஞ்சிபுரத்தில் நிகழ்ந்த மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



‘போட்டியும் நாமும்’ என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. அறநூல் வழிநின்று இதனைப் பேசத்தக்க சான்றோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆதலால் நான் விளையாட்டுத் திடலிலிருந்து ஒருவரைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் நடராஜன். அவர் தந்தையார் சேலை நெய்யும் தறிக்கூடத்தில் தினக்கூலி பெற்றவர். தறியோசை கேட்டு வளர்ந்த இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அந்த வீட்டின் நிலையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2020-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றது. நடராஜன் அதில் ஆடும் வீரராகச் செல்லவில்லை. மட்டையாளர்களின் பயிற்சிக்காக வலைக்குள் பந்து வீசுபவராகச் சென்றார். வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம். இருபது ஓவர் அணியில் நடராஜனுக்கு இடம் கிடைத்தது. சைனிக்கு முதுகுவலி, ஒருநாள் அணியிலும் சேர்க்கப்பட்டார். உமேஷ் யாதவ் காயமுற்றார். டெஸ்ட் அணிக்குள் வந்தார். பும்ராவும் ஆட இயலாமற்போகவே, 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேன் திடலில் டெஸ்ட் வீரராகக் களமிறங்கினார். ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான பெருமையைச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. அவருக்குத் திறந்த ஒவ்வொரு கதவும் ஒரு தோழரின் துன்பத்தால் திறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களுள் வருண் தமிழ்நாட்டு அணியில் அவருடன் ஆடியவர்.

போட்டி என்றால் எதிரணியோடு மட்டும் என்று எண்ணுகிறோம். என் கருத்தில் அது எளிய போட்டி. எதிரி எதிரிலேயே நிற்கிறான். ஒரே உடையணிந்து, ஒரே பேருந்தில் வந்து, ஒரே இடத்தை விரும்பும் தோழனோடு உள்ள போட்டியே கடினமானது. மருத்துவக் கல்லூரிக் கலந்தாய்வில் காத்திருக்கும் நம் பிள்ளைகள் இதனை நன்கு அறிவர். பட்டியலில் முன்னே உள்ளவன் விலகினால்தான் பின்னே உள்ளவனுக்கு இடம். அந்நாளில் மனத்துள் எழும் மகிழ்ச்சியை என்ன செய்வது?

நடராஜன் செய்ததைச் சொல்கிறேன். கிடைத்த இடத்தில் தம் பணியைச் செய்தார். மட்டையாளரின் காலடியில் விழும் பந்தை யார்க்கர் என்பர். அவர் பயின்ற கலை அது. இருபது ஓவர் ஆட்டங்கள் மூன்றில் ஆறு விக்கெட்டுகள். தொடர் நாயகன் விருது பெற்ற ஹர்திக் பாண்டியா, அது நடராஜனுக்கே உரியது என்று கூறி, விருதை அவர் கையில் கொடுத்தார். கொடுத்தவரை நான் பெரிதும் மதிக்கிறேன். பெறுவதைவிட அது அரிது. பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு அதுவரை டெஸ்டில் தோற்றிருக்கவில்லை. அங்கே முதல் இன்னிங்சில் நடராஜன் மூவரை வீழ்த்தினார். 328 ஓட்ட இலக்கைக் கடந்து இந்தியா வென்றது. தலைவர் ரஹானே கோப்பையை வாங்கி நடராஜனிடம் அளித்தார்.

இவ்வூரில் கோர்வைச் சேலை நெய்வதைக் கண்டவர்களுக்கு அச்செயல் வியப்பளிக்காது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். முதன்மை நெசவாளர் ஒருவரால் அதனைத் தனியே நெய்ய இயலாது. அருகே ஒருவர் அமர்ந்து கரை நாடாவை ஒவ்வோர் ஊடைக்கும் தள்ளித்தர வேண்டும். சேலையைப் புகழ்பவர் அந்த இரண்டாம் கையைக் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் நெசவாளர்தாம், அவர் கேட்பார்.

நடராஜன் ஒரு கையை மறக்கவில்லை. 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானபோது அவர் பந்துவீசும் முறை ஐயத்துக்குள்ளாயிற்று. முறையை முற்றும் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த தம்மை வழிநடத்திய ஜெயப்பிரகாஷின் பெயரெழுத்துகளைச் சேர்த்து, ‘ஜெ.பி. நட்டு’ என்றே தம் சட்டையில் பொறித்துக்கொண்டார்.

பிறகு காயம் அவரையும் தேடி வந்தது. பிரிஸ்பேன் வெற்றிக்குச் சில திங்களில் முழங்காலில் அறுவை. அவர் விட்ட இடத்தில் வேறு இளைஞர்கள் பந்து வீசினர். ஜினன் என்றால் வென்றவன் என்று நாம் பொருள் சொல்கிறோம். எதனை வென்றவன் என்ற வினா இத்தகைய நாளில்தான் ஒருவனிடம் நேராக வந்து நிற்கும்.

சின்னப்பம்பட்டியில் அவர் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கூடம் நடத்துகிறார். 2023 ஜூன் திங்களில் அவ்வூரில் அவர் அமைத்த திடலைத் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதிப் போட்டியில் ஐந்து விக்கெட் எடுத்த பெரியசாமியும் அதே ஊர்க்காரர். அவரும் வேகப்பந்து வீச்சாளர். நாளை நடராஜனின் இடத்தைக் கேட்கப்போகும் பிள்ளைகள் அங்கே அவரிடமே யார்க்கர் பழகுகின்றனர்.