ஆமைக்கு இட்ட பெயர்



சிறுவர் சித்திரக்கதைகளில் வளர்ப்புப் பிராணிக்கென்று ஒரு வேலை உண்டு. நாய் துணைக்கு வரும். பூனை குறும்பு செய்யும். குதிரை ஆபத்திலிருந்து மீட்கும். அர்ஜெண்டினா நாட்டுச் சித்திரக்கதையின் நாயகியான மஃபால்டா என்னும் சிறுமியிடம் இருப்பதோ ஓர் ஆமை. அது யாரையும் மீட்பதில்லை. இலையைத் தின்கிறது, அடுக்குமாடி வீட்டின் தரையில் தன் போக்கில் நகர்கிறது. அந்த மந்த நடையைக் கண்டு சிறுமி அதற்கு வைத்த பெயர் 'புரோக்ராசியா'. தமிழில் சொன்னால் அதிகார வர்க்கம். கோப்பும் முத்திரையும் சிவப்பு நாடாவுமான ஆட்சிமுறை.

மஃபால்டாவைப் படைத்தவர் கீனோ. மெண்டோசா நகரில் 1932இல் பிறந்த ஹோவாக்கின் சால்வடோர் லவாடோவின் புனைபெயர் அது. 1963இல் வீட்டுச் சாதன நிறுவனம் ஒன்றின் விளம்பரத்துக்காக ஒரு குடும்பத்தை அவர் வரைந்தார். விளம்பரம் வெளிவரவில்லை, குடும்பம் தங்கிவிட்டது. 1964 செப்டம்பர் 29 அன்று 'பிரிமேரா பிளானா' என்ற வார இதழில் மஃபால்டா முதன்முதலாகத் தோன்றினாள். பின்னர் 'எல் முண்டோ' நாளேட்டிலும், அது நின்றபின் 'சியெத்தே தியாஸ்' இதழிலும் தொடர்ந்து, 1973 ஜூன் 25இல் விடைபெற்றாள். ஒன்பது ஆண்டுகள்கூட நிறையவில்லை.

ஆறு வயதுச் சிறுமி. உலக உருண்டையை நோயாளியாகப் பாவித்துப் பணிவிடை செய்வாள். சூப் என்றால் அவளுக்கு ஆகாது. பிள்ளையின் அடமாகத் தெரியும் இந்த வெறுப்புக்குக் கீனோவே பின்னாளில் விளக்கம் தந்தார்: மக்கள் நாள்தோறும் விழுங்கவேண்டியிருந்த இராணுவ ஆட்சியே அந்தச் சூப். 1970இல் மஃபால்டாவின் கூட்டத்தில் ஒரு புதிய தோழி சேர்ந்தாள். பெயர் லிபர்தாத், அதாவது சுதந்திரம். மற்றப் பிள்ளைகளின் இடுப்பளவுகூட வளராத குட்டிப் பெண் அவள். சுதந்திரம் இவ்வளவு சிறிதா என்று வாசகன் கேட்டுக்கொள்வான். கீனோ ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. வெளிப்படையாகச் சொல்ல இயலாதவற்றைப் பெயர்களிலேயே முடிந்து வைத்துவிடுவது அவருடைய வழக்கம்.

ஆமையையும் அரசாங்க ஆளையும் ஒரே மூச்சில் சொல்வது தமிழுக்குப் புதிதன்று. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது பழமொழி. அங்கே ஆமை தீக்குறி. கீனோவிடம் அது அப்படி அன்று. சிறுமி அதை அன்போடு வளர்க்கிறாள். பெயரில் மட்டுமே குத்தல்.

ஆயினும் அந்நாட்டில், அந்த ஆண்டுகளில், ஆமை வெறும் ஆமையாக இருக்க முடியவில்லை. 1963இல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற ஆர்த்துரோ இல்யா ஒரு மருத்துவர், எளிய மனிதர், சட்டம் வகுத்த வழியை விட்டு விலகாதவர். அவர் மெத்தனமானவர் என்று ஏடுகள் இடைவிடாது எள்ளின. கேலிச்சித்திரங்கள் அவரை ஆமையாகவே வரைந்தன. மஃபால்டா முதலில் வந்த 'பிரிமேரா பிளானா'வும் அவரை எள்ளிய, தளபதி ஓங்கானியாவைத் திறமைசாலியாக உயர்த்திய ஏடுகளில் ஒன்று. மஃபால்டா அதைவிட்டு 1965இலேயே வெளியேறியிருந்தாள் என்பது ஒரு சிறு ஆறுதல். 1966 ஜூன் 28 அன்று இராணுவம் இல்யாவை அகற்றியது. ஆமை போயிற்று, வேகம் வந்தது.

அந்த வேகத்தின் இயல்பு ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. ஜூலையில், ஓங்கானியாவை வால்ரஸின் சாயலில் மீசையோடு வரைந்த நகைச்சுவை ஏடான 'தியா விசென்டா' மூடப்பட்டது. ஜூலை 29 இரவு காவலர்கள் பியூனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து பேராசிரியர்களையும் மாணவர்களையும் தடியால் அடித்து விரட்டினர். 'நீண்ட தடிகளின் இரவு' என்று வரலாறு அதைக் குறிக்கிறது. அறிவியலாளர் பலர் நாட்டைவிட்டே போயினர். 1969இல் 'பிரிமேரா பிளானா'வையும் அதே ஓங்கானியா மூடினார். ஆமையின்மேல் பொறுமை இழந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு அது.

கீனோவின் தடியை இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேண்டும். ஒரு சித்திரத்தில் மஃபால்டா காவலரின் இடுப்பில் தொங்கும் கோலைச் சுட்டிக்காட்டி, கொள்கைகளில் ஒடுக்கு விழச் செய்யும் கோல் இதுதான் என்கிறாள். பாத்திரத்தில் விழும் ஒடுக்கையே ஸ்பானியச் சொல்லும் குறிக்கிறது. அடக்குமுறையையும் அச்சொல்லால் சுட்டும் வசதி தமிழுக்கு மட்டும் வாய்த்திருக்கிறது. ஆமையும் தடியும் ஒரே அரசின் இரு முகங்கள். காக்கவைக்கும் அரசைக் குழந்தை கேலி செய்து வளர்க்கலாம். அடிக்கும் அரசை விரல் நீட்டிக் காட்ட மட்டுமே முடியும்.

இது சிறுவர்க்கான படைப்பா என்ற கேள்வி பலமுறை எழுந்ததுண்டு. ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயினில் மஃபால்டா நூல்கள் வயதுவந்தோருக்கு மட்டும் என்ற பட்டையுடன் வெளிவரவேண்டியிருந்தது. தணிக்கையாளர் சில வேளைகளில் விமர்சகரைவிட நல்ல வாசகர்.

1976 மார்ச் 24இல் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவ்வாண்டு ஜூலை 4 விடியற்காலையில், பியூனஸ் அயர்ஸின் சான் பத்ரிசியோ தேவாலயத்தில் மூன்று குருமாரும் இரு குருமாணவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் அந்த இல்லத்தில் இருந்த ஒரு சுவரொட்டியை எடுத்து, இறந்துகிடந்த ஒருவரின் உடல்மேல் போட்டுச் சென்றனர். அதில் இருந்தது மஃபால்டாவும், அந்தத் தடியும்.

நகைச்சுவையைக் கொலைகாரர்கள் பிழையின்றிப் புரிந்துகொண்டிருந்தார்கள். அதைச் சொன்ன சிறுமியின் வாயாலேயே தங்கள் செயலுக்கு அடிக்குறிப்பும் எழுதிவிட்டார்கள்.

அதே 1976இல் கீனோ மிலான் நகருக்குக் குடிபெயர்ந்தார். மஃபால்டாவின் தொடரை அவர் மீண்டும் தொடங்கவில்லை. ஆனால் 1977இல் யூனிசெஃப் கேட்டுக்கொண்டதன்பேரில் அவளை மறுபடி தூரிகைக்கு அழைத்தார். 1959இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமைப் பிரகடனத்தின் பத்து நெறிகளையும் மஃபால்டாவும் அவளுடைய தோழர்களும் விளக்குவதாக அச்சித்திரங்கள் அமைந்தன.