காதில் விழுந்தால் வாயில் வரும்



ஓணம் நெருங்கும் நாள்களில் தென்காசி அருகே பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குள் போய்ப் பாருங்கள். கேரளத்துக்குப் போகிற சரக்குக்கு விலை பேசுகிறவர், "சேட்டா, எத்ர வேணம்?" என்று தடையில்லாமல் மலையாளம் பேசுவார். மலையாளத்தில் ஓர் எழுத்துகூடப் படித்திருக்க மாட்டார். காதில் விழுந்தது, வாயில் வந்தது.

அதே ஊரில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளை, வேலைக்கான நேர்முகத் தேர்வில் வாயடைத்து நிற்கிறது. பிள்ளைமேல் குறையில்லை. ஆங்கிலம் அதன் கண்ணுக்குக் கிடைத்தது, காதுக்குக் கிடைக்கவில்லை. அங்கேதான் திரைப்படம் கைகொடுக்கும்.

'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுகிறோம். 'வந்துட்டிருக்கேன்' என்று பேசுகிறோம். ஆங்கிலமும் அப்படித்தான். 'ஐ டோன்ட் நோ' என்று படித்தது, பேச்சில் 'ஐடனோ' என்று ஓடிவிடும். காது பழகினால்தான் பிடிபடும்.

ஆங்கிலப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் வைக்காதீர்கள். கண் தமிழைப் படிக்கும், காது தூங்கிவிடும். ஆங்கில எழுத்தே ஓடட்டும். 1996-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த பிரிஜ் கோத்தாரி, நண்பர்களோடு ஒரு ஸ்பானியப் படம் பார்த்தார். கீழே ஆங்கில வரிகள். ஸ்பானிய வரிகளே ஓடினால் மொழி பழகுமே என்று தோன்றியது. அந்த யோசனைதான் பிறகு தூர்தர்ஷனில் இந்திப் பாட்டுக்கு இந்தி வரிகளாகவே ஓடி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கு உதவியது.

எந்தப் படம்? சண்டைப் படத்தில் பேச்சு குறைவு. 1957-ல் வந்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' பாருங்கள். ஒரு கொலை வழக்கு, பன்னிரண்டு ஜூரிகள், ஏறக்குறைய எல்லாமே ஒரே அறை. 96 நிமிடமும் பேச்சுதான். கேட்பது, மறுப்பது, விளக்குவது என்று வேலையிடத்தில் வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு 'ஃபைண்டிங் நீமோ' நல்லது.

தினமும் மூன்று நிமிடக் காட்சி போதும். முதலில் எழுத்தோடு பாருங்கள். அடுத்து எழுத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு வாய்விட்டுச் சொல்லுங்கள். படம் உங்களுக்குப் பதில் சொல்லாது. ஆகவே மறுநாள் தென்காசி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் அதையே பேசிப் பாருங்கள்.

சந்தைக்காரர் முதல்நாள் பேசிய மலையாளத்திலும் பிழை இருந்திருக்கும். அதற்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. வியாபாரம் நடக்க வேண்டுமே! மறுநாளும் பேசினார். நீங்களும் பேசுங்கள்.