மருந்து பிச்சையன்று, உரிமை!

(தென்காசியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



குற்றாலத்துச் சாரல் தொடும் ஊரிலே நின்று பேசுகிறேன். நோய் தீருமென்று நம்பி எங்கிருந்தெல்லாமோ வந்து அருவியிலே தலை நீட்டுகிறார்கள் மக்கள். சீமானா, ஏழையா என்று அருவி கேட்பதில்லை. மருந்து கேட்கிறது, "மடியிலே பணம் உண்டா?" என்று கேட்கிறது!

கடையத்திலும் ஆலங்குளத்திலும் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மாரை நீங்கள் அறிவீர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலிக்குக் கணக்குண்டு. நெஞ்சுக்குள் இறங்கும் புகையிலைத் தூசிக்குக் கணக்குண்டா?

1976இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் பிறந்தது. உற்பத்தியாகும் பீடிமீது சிறு வரி. அவ்வரியிலிருந்து மருந்தகம், மருத்துவமனை, காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் உதவி. அது எவருடைய கருணையும் அன்று. சுற்றிய கை ஈட்டிய பங்கு! 2017இல் சரக்கு சேவை வரி வந்தது. அந்தத் தனிவரி ஒழிந்தது. "நிதியை நிறுத்தவில்லையே, வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்குகிறோமே" என்பார்கள். ஊற்றை அடைத்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் தந்தால், அதற்குப் பெயர் உரிமையா, சலுகையா?

உலக அரங்கைப் பாருங்கள். 1948இல் ஐக்கிய நாடுகள் சபை, மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆம் பிரிவில் மருத்துவத்தையும் சேர்த்தது. 2020 அக்டோபரில், கொரோனா கொன்று குவித்த வேளையில், காப்புரிமையை நிறுத்திவையுங்கள் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வணிக அமைப்பிடம் கேட்டன. செல்வ நாடுகள் பல தடுப்பூசியை நன்கொடையாகத் தந்தன; செய்யும் உரிமையைத் தரத் தயங்கின. 2022 ஜூனில்தான் முடிவு பிறந்தது. அதுவும் குறுகிய முடிவு!

நன்கொடை வேண்டாம், உரிமை வேண்டும் என்று ஜெனீவாவிலே முழங்கிய டில்லி, தென்காசித் தாய்க்கு மட்டும் நன்கொடையை நீட்டுவது என்ன நியாயம்?

கொடுப்பவன் மனம் மாறினால் கொடை நின்றுபோகும். உரிமை நின்றால், ஏன் என்று கேட்கலாம், கேட்டுப் பெறலாம். அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரத்தை அரசின் முதற்கடமைகளுள் ஒன்றென்கிறது. ஆனால் அது வழிகாட்டும் நெறி. வழக்காடிப் பெற முடியாது. ஆகவே, பீடித் தொழிலுக்கெனத் தனி நிதிஊற்று மீண்டும் வேண்டும்; மருத்துவம் சட்டத்தால் உறுதியாக வேண்டும்.

தோழர்களே! திண்ணைதோறும் செல்லுங்கள். அடையாள அட்டை இல்லாத தாய்மாரின் பெயர்களைத் திரட்டுங்கள். இரக்கத்தைக் கேட்டு அல்ல, பங்கைக் கேட்டு எழுப்புங்கள் குரலை!