கண்மாய் வற்றினாலும் சாகாத மீன்

ராமநாதபுரத்து மீன் என்றால் பாம்பன், மண்டபம், சீலா, பாறை என்று கடலுக்குத்தான் பேச்சு போகும். நான் இன்றைக்குக் கண்மாய்ப் பக்கம் போகிறேன்.

வருசநாட்டு மலையில் புறப்படும் வைகை 258 கிலோமீட்டர் நீளம். ஆனாலும் பல வருஷம் அது கடலைப் பார்ப்பதில்லை. பார்த்திபனூர் மதகணையில் பிரிந்து, கண்மாய் கண்மாயாக நிரப்பி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிந்துவிடும். மிஞ்சினால்தான் ஆற்றங்கரை கிராமத்தருகே கடல். கார்த்திகையில் தளும்பிய கண்மாய் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அங்கே ஆற்று மீனுக்கு என்ன பிழைப்பு?

தேளி பிழைக்கிறது. செதிலில்லாத கரும்பழுப்பு உடம்பு, வாயைச் சுற்றி நாலு ஜோடி மீசை. செவுள் அறையிலிருந்து வால் பக்கமாக இரண்டு நீளமான காற்றுப் பைகள் ஓடுகின்றன. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கிக்கொண்டால் போதும். தண்ணீர் சூடேறிக் கெண்டையெல்லாம் செத்து மிதக்கும்போதும் தேளி சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும்.

கண்மாய் அழித்து மீன் பிடிக்கிற நாளில், ஊத்தாக் கூடையைக் கவிழ்த்து மேல்வாய் வழியாகக் கையை விடுகிறவர் பயப்படுவது தேளிக்குத்தான். நெஞ்சுத் துடுப்பு முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், அதில் விஷம். குத்தினால் கடுப்பு தோள்வரை ஏறும். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி இறங்கும், அந்த விஷம் சூட்டுக்குத் தாங்காது. வீக்கம் கூடினால் டாக்டரிடம் போய்விடுங்கள். குத்துப்பட்டவர் வீட்டிலேயே சாயந்தரம் தேளிக் குழம்பு கொதிக்கும், அது வேறு விஷயம்!

பெர்லின் மருத்துவர் புளோக் 1794இல் இந்த மீனை உலகுக்கு விவரித்தார். அவருக்குக் கிடைத்த மீன் நம் தரங்கம்பாடியிலிருந்து போனது.

இப்போது தேளிக்கு ஒரு போட்டி வந்திருக்கிறது, ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000இலேயே மத்திய அரசு இதை வளர்க்கத் தடை போட்டது. சீக்கிரம் எடை ஏறும் என்பதால் திருட்டுத்தனமாக வளர்ப்பவர்கள் இன்றும் உண்டு. மழையில் பண்ணைக்குட்டை உடைந்தால் அது கண்மாய்க்குள் வந்துவிடும். 'கோடை வந்தால் தானே செத்துப்போகும்' என்பார்கள். ஜிலேபி மீனுக்கு அது சரி. ஆனால் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் காற்றை வாங்குகிற மீன். சேற்றில் புதைந்து கோடையைத் தாண்டும், ஒரு மீட்டருக்கு மேலும் வளரும், மீன்குஞ்சு, தவளை எதையும் விடாது. நம் தேளி முப்பது சென்டிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம்.

வித்தியாசம் பார்க்க முதுகைப் பாருங்கள். தேளிக்கு முதுகுத் துடுப்பு சின்னது, முன்பக்கம் மட்டும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு முதுகு நெடுக ஓடும். நெடுக ஓடும் நாட்டு மீனும் உண்டு என்பதால், சந்தேகம் வந்தால் மறுபடி தண்ணீரில் விடாமல் மீன்வளத்துறை அலுவலகத்தில் காட்டிவிடுங்கள்.