எரிவாயு அடுப்பைத் துப்புரவு செய்தல்
(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விறகடுப்பு எரிந்த லயத்துச் சமையலறைகளில் இன்று எரிவாயு அடுப்பு இடம்பெற்றுள்ளது. விறகடுப்பென்றால் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு மெழுகினால் போதும். எரிவாயு அடுப்பு அத்தகையதன்று. தீயை அணைத்த பின்னரும் எரிபொருள் திருகு வரையில் வந்து நிற்கின்றது.

ஆகவே, துணியைக் கையில் எடுக்குமுன் தோம்பின் தலையிலுள்ள அடைப்பை மூடுங்கள். அடுப்பின் திருகைத்தான் மூடிவிட்டோமே என்று சிலர் கேட்கலாம். எண்ணெய்ப் பிசுக்கை அழுத்தித் தேய்க்கும்போது அத்திருகு, குறிப்பாகப் பழைய அடுப்புகளில், சற்றே திரும்பிவிடுவதுண்டு. தேய்ப்பவர் அதனை அறியார். இரவில் துடைத்துவிட்டு உறங்கி, பால் வெட்டுக்குச் செல்ல விடியுமுன் எழுந்து தீக்குச்சி கிழிப்பவரே ஆபத்துக்கு உள்ளாவார். தோம்பிலுள்ள புரோப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. பியூட்டேன் ஏறத்தாழ 2 மடங்கு கனமுடையது. கசிந்த வாயு கூரை வழியே போய்விடாது, தரையிலே படியும். பின்புறம் தாழ்வாகக் கட்டப்பட்ட சமையற்கட்டாயின் அங்கேயே தேங்கிக் கிடக்கும்.

அடைப்பை மூடிய பின் அடுப்பு நன்றாக ஆறட்டும். சட்டி தாங்கியையும், தீ வரும் வட்ட மூடியையும் கழற்றிச் சவர்க்காரம் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். பொங்கி வழிந்து காய்ந்த தேங்காய்ப் பாலும் இளகிவிடும். மூடியின் துளைகளைப் பழைய பல் துலக்கியால் தேய்க்கலாம். அடியில் வாயு வரும் நுண்ணிய துளையை மட்டும் கம்பியால் குடைய வேண்டாம். அது பெரிதானால் தீ மஞ்சளாக எரியும், சட்டியில் கரி பிடிக்கும்.

கறை போகவில்லையென்று, பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை எவரும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பாலை உறைய வைப்பதுதான் அதற்குரிய வேலை. தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. குளோராக்ஸ் போன்ற வெளுப்பு நீருடன் அது கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். சமையலுக்கு வாங்கும் காடியும் வெளுப்பு நீருடன் சேரக் கூடாது. அமிலம் தப்பித் தவறி மேலே பட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த பெட்ரோலில் துணியை நனைத்துப் பிசுக்குத் துடைப்பதோ, தீயை வலிய அழைப்பதாகும்!

கழுவியவை ஈரமின்றிக் காய்ந்த பின் அதனதன் இடத்தில் சரியாகப் பொருத்துங்கள். திருகுகள் மூடியுள்ளனவா என்று பார்த்த பின்னரே தோம்பைத் திறக்க வேண்டும். பிறகு குழாயிலும் இணைப்புகளிலும் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். குமிழி எழுந்தால் அங்கே கசிவு உண்டு. தீக்குச்சியைக் காட்டிச் சோதிப்பது அறவே கூடாது. எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை நாம் அறிவதற்காகவே கெட்ட நாற்றம் சேர்க்கப்படுகின்றது. அந்நாற்றம் வீசினால் தோம்பை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளுடன் வெளியேறுங்கள். மின்விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். 999 என்னும் எண்ணை வெளியே வந்த பிறகு அழையுங்கள்.

இனி, உங்கள் ஐயங்களைக் கேட்கலாம்.