கோமுகிக் கரையிலிருந்து வெள்ளிமலைக்கு



சென்னையிலிருந்து சேலத்துக்கு விரையும் பிரயாணிகளில் பெரும்பாலோர் உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்ததும் கண்ணயர்ந்து, ஆத்தூர் வந்த பிறகே விழித்துக்கொள்ளும் வழக்கமுடையவர்களாதலால், இடையே வலப்புறத்தில் நீல நிறமாக எழுந்து நெடுந்தூரம் கூடவே வருகின்ற கல்வராயன் மலைத்தொடரை ஏறிட்டுப் பார்த்தவர்கள்கூட மிகச் சிலரே. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் பெயர், 2024 ஜூனில் கள்ளச்சாராயத்துக்குப் பலியானோரின் துயரச் செய்தியோடு நாடெங்கும் பரவியது, அதை மறப்பதற்கில்லை. ஆயினும் ஒரு பிரதேசத்தை அதன் மிகக் கொடிய நாளைக்கொண்டே அறிந்துவைப்பது நியாயமாகாது. ஆகவே, ஐப்பசி மழை நின்று கார்த்திகை பிறந்திருக்கும் ஒரு காலைப்பொழுதாகப் பார்த்து, இந்தச் சாலைவழியே உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

முதலில் எதிர்ப்படுவது தியாகதுருகம். சமவெளியின் நடுவே திடீரென்று நிமிர்ந்து நிற்கும் கருங்கற் குன்றும், அதன்மேல் சிதைந்த கோட்டையும், உச்சியில் கிடக்கும் பீரங்கிகளும், கர்நாடகத்தின் ஆதிக்கத்துக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத காலத்தின் மிச்சங்கள். 1761இல் புதுச்சேரி வீழ்ந்த சில வாரங்களுக்குள் இக்கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயிற்று. சரித்திரப் பிரியர்கள் ஏறிப் பார்க்கலாம். முழங்கால் வலியுள்ளவர்கள் கீழிருந்தபடியே தரிசித்துக்கொள்வது உசிதம்.

கள்ளக்குறிச்சி நகரில் வாகை, பூவரசு, தேக்கு முதலிய மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் சிற்பிகளின் கூடங்களில் சிறிது நேரம் நிற்கலாம். இம்மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது நியாயமான கௌரவமே. அங்கிருந்து கச்சிராயபாளையம் நோக்கித் திரும்பியதும் கரும்புத் தோட்டங்களும் மரவள்ளிக் கொல்லைகளும் தொடங்கிவிடுகின்றன. வரப்போரங்களில் ஆவாரை பொன்னைக் கொட்டியதுபோல் பூத்துக் கிடக்க, அதனிடையே தும்பையும் பூளையும் வெண்மை தூவியிருக்கும். பொங்கலுக்கு முன்னாள் காப்புக்கட்ட ஆவாரையையும் பூளையையும் ஒடித்துக்கொண்டு போவோருக்கு, இவை விலைகொடுத்து வாங்கும் சரக்கல்ல. மழை பெய்தால் தாமே வரும் சொத்து.

கச்சிராயபாளையத்தை அடுத்து மலையின் காலடியில் கோமுகி அணை. 1965இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த 46 அடி அணை, பெரிய அணைகளைக் கண்டு பழகியவர்களுக்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மலையில் பெய்யும் மழை ஓடைகளாகச் சேர்ந்து இங்கே தேங்கி, வயல்களுக்குப் பாய்ந்தது போக எஞ்சியது மணிமுக்தாவோடு கலந்து, விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலருகே ஓடி, வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே கடலடைகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இவ்வணையின் கரையில் நிற்பவர் ஒரு பெரும் குடும்பத்தின் தலைவாசலில் நிற்கிறார் என்பது விளங்கும்.

பரிகத்தைத் தாண்டிச் சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. இனித்தான் நம்முடைய பிரயாணத்தின் சாரம். முட்புதர்களுக்கிடையே, இலைநுனியையே சுருட்டிக் கொழுகொம்பாகப் பற்றிக்கொண்டு மேலேறி நிற்கும் செங்காந்தளை முதன்முதலாகக் காண்பவர், வண்டியை நிறுத்தச் சொல்லாமல் இரார். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பின்பு தீக்கொழுந்துபோல் சிவக்கும் இதழ்கள் பின்னோக்கி மடிந்து வானை நோக்குகின்றன. சங்கப் புலவர்கள் பெண்களின் விரல்களுக்கு உவமையாக்கிய மலர், இன்று நமது மாநிலத்தின் மலர். இதன் கிழங்கோ கொடிய நஞ்சு. குழந்தைகளுடன் செல்வோர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். மேலே செல்லச்செல்லக் கடுக்காய் மரங்களும் மூங்கிலும் நெருங்கி வருகின்றன. செம்மையும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும் உண்ணிச்செடியையும் எங்கும் காண்பீர்கள். புகைப்படம் எடுப்போருக்கு அது விருந்து, காட்டுக்கோ வினை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அலங்காரச் செடியாக இந்நாட்டுக்கு வந்த அது, கால்நடை மேயும் புல்லையும் நாட்டுச் செடிகளையும் அமுக்கிவிட்டுத் தான்மட்டும் தழைத்திருக்கிறது. பார்க்க அழகாயிருப்பதை எல்லாம் நான் புகழ்ந்துவிடப் போவதில்லை.

சாலையோரமாகவே பெரியார் நீர்வீழ்ச்சி. மழைக்காலத்தில் ஓசை நமக்கு முன்னே வந்து வரவேற்கும். கோடையிலோ பாறை மட்டுமே மிஞ்சும். அதைக் கடந்து கரியாலூர், பின்னர் வெள்ளிமலை.

இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர்; கேரள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. இதே மாவட்டத்துத் திருக்கோவலூரில், கபிலர் தீப்புகுந்ததையும் மலையமான் குலத்தின் பெருமையையும் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு எழுத்திலே நிறுத்தியிருக்க, இம்மலையிலோ சரித்திரம் வாய்மொழியிலேயே வாழ்கிறது. பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் இங்கே உண்டு. அவற்றிலும் ஓர் எழுத்தில்லை. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்த மலை, 1976இலேதான் அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்குள் வந்தது. சுதந்திரம் பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் சென்ற பின்னர் என்று கணக்கிட்டுப் பார்த்தால், சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இங்கே ஏன் தாமதித்து வந்தன என்று எவரும் கேட்கமாட்டார்கள். சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியிருப்பதையும் காணலாம். கிழங்கு மலையிறங்கி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது, காசு கொஞ்சம் மலையேறுகிறது.

வெள்ளிமலைக் கடைத்தெருவில் தேனும் கடுக்காயும் விசாரித்து வாங்கலாம். மேகம் அருவிக்குச் செல்ல விரும்புவோர், காட்டுவழி நடக்கவேண்டியிருப்பதால், உள்ளூரார் ஒருவரைத் துணையாக அழைத்துக்கொண்டு, அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் மலையிறங்கிவிடுவது நலம்.