நகைத்தோம், நிறைவு பெற்றோமா?



ஒரு நூலைப் படித்து முடித்தவுடன் 'நன்று' என்றோ 'நன்றன்று' என்றோ ஒரே சொல்லில் தீர்ப்புரைக்க நாம் பழகிவிட்டோம். பாராட்டும் குறையும் சரிபாதியாக மனத்தில் நிற்கும் நூலைப் பற்றி எவ்வாறு பேசுவது? இங்கிலாந்து எழுத்தாளர் டெரி பிராட்செட் 1983இல் வெளியிட்ட 'தி கலர் ஆஃப் மேஜிக்' என்னும் நகைச்சுவை மாயப்புதினத்தைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

கதை நிகழும் உலகம் தட்டு வடிவினது. நான்கு யானைகள் அதனைச் சுமக்க, அவற்றைத் தாங்கிய பேராமை விண்வெளியில் நீந்துகிறது. மந்தர மலையைத் தாங்கிய ஆமையையும் எண்டிசை யானைகளையும் கேட்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி அயலானதன்று. அவ்வுலகின் பழைய நகரொன்றுக்கு டூஃபிளவர் என்னும் சுற்றுலாப் பயணி வருகிறார். அவருக்கு வழிகாட்டியாக அமைபவர் ரின்ஸ்விண்ட். பேராற்றல் வாய்ந்த ஒரு மந்திரம் அவர் தலைக்குள் குடியேறிவிட்டமையால் வேறெந்த மந்திரமும் அங்குத் தங்க அஞ்சுகிறது; எனவே அவர் தேறாத மந்திரவாதி. எண்ணற்ற கால்களுடைய பயணப்பெட்டியொன்று இவர்களை விடாது பின்தொடர்கிறது.

நகை பிறக்கும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் எனத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். இந்நூலில் மேலோங்கி நிற்பவை எள்ளலும் பேதைமையும். நம் இருமனத்திற்கான காரணமும் இவ்விரண்டிலேயே உள்ளது.

முதலில் எள்ளலைக் காண்போம். நூலின் முதற்பகுதி ஃபிரிட்ஸ் லைபரின் வாள்வீரர் கதைகளையும், மூன்றாம் பகுதி ஆன் மெக்காஃப்ரியின் டிராகன் கதைகளையும் கேலி செய்கின்றன. அவற்றை அறியாமல் முதன்முறை படித்தபோது, பிறர் கூடிச் சிரிக்கும் அறையின் வாயிலில் நின்றவர் போலானோம். பின்னர் அறிந்துகொண்டு படித்தபோது நகைத்தோம். ஆயினும் விளக்கம் கேட்டுப் பிறந்த சிரிப்பு நெடிது நிற்கவில்லை. மேலும், இடர் நேரும்போதெல்லாம் தற்செயலே கதைமாந்தரைக் காப்பாற்றுகிறது. இறுதியில் ரின்ஸ்விண்ட் உலகின் விளிம்பிலிருந்து விழுகிறார். எஞ்சிய கதைக்கு 1986இல் வந்த அடுத்த நூலை நாட வேண்டியுள்ளது.

பேதைமையோ வேறு வகையினது. டூஃபிளவர் தம் நாட்டில் காப்புறுதி எழுத்தர். மதுக்கூடச் சண்டையையும் காணத்தக்க காட்சியாகக் கருதும் வெள்ளையுள்ளத்தவர். காப்புறுதி என்னும் சொல்லையே அறியாத நகரில், மதுக்கூட உரிமையாளர் ஒருவருக்குத் தீ விபத்துக் காப்புறுதி வழங்குகிறார். கட்டடம் எரிந்தால் பொன் கிட்டும் என்பதை மட்டுமே அம்மனிதர் புரிந்துகொள்கிறார். தம் கடைக்குத் தாமே தீயிடுகிறார், நகரம் எரிகிறது. இங்கே நகைக்க எந்த மூலநூலையும் நாம் அறிந்திருக்க வேண்டியதில்லை. பேராசையை அறிந்திருந்தால் போதும். நல்லெண்ணத்துடன் கொண்டுவந்த ஏற்பாடு ஒரு நகரையே எரித்ததே என்னும் எண்ணம், சிரிப்பு அடங்கிய பின்னும் நெஞ்சை உறுத்துகிறது.

நூல்களைக் கேலி செய்யும் நகை அந்நூல்கள் மறக்கப்படும்போது மங்கும். மனித இயல்பைக் காட்டும் நகை நிலைக்கும். இத்தட்டு உலகைக் களமாக்கி 41 புதினங்கள் எழுதிய பிராட்செட்டின் பிற்காலப் படைப்புகளில் இரண்டாவது வகையே வலுப்பெற்றது. சமயத்தையும் அதிகாரத்தையும் வினவும் 'ஸ்மால் காட்ஸ்' (1992) அதற்குச் சான்று. முதல் நூலின் குறைகளை மறைத்துப் புகழ்ந்தால் இவ்வளர்ச்சி நமக்குப் புலப்படாது. குறைகளுக்காக அதனை ஒதுக்கினால் எரியும் மதுக்கூடத்தை இழப்போம்.

ஆசிரியப் பெருமக்களே, 'நூல் பிடித்ததா?' என்று மாணவரிடம் வினவுவதோடு நிறுத்த வேண்டா. எங்கே சிரித்தாய், எங்கே சிரிப்பு வரவில்லை, ஏன் என்றும் வினவுவோம். மாணவச் செல்வங்களே, உங்கள் விடை இரண்டுபட்டால் தயங்காது இரண்டையும் எழுதுங்கள். அஃது உறுதியின்மை அன்று. கூர்ந்து படித்தமைக்கு அடையாளம்.